ரொறன்ரோவில் மலிவு வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஹவுசிங்குக்குப் பதிந்து வைத்திருக்கிறோம், இன்னும் ஒன்றும் வரவில்லை." இந்தப் பேச்சு எடுத்தாலே முதலில் காதில் விழுவது இதுதான். பலர் ஒரே ஒரு பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, எல்லாக் கட்டடத்துக்கும் அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலருடைய விண்ணப்பம் எப்போதோ ரத்தாகியிருக்கும். அது அவர்களுக்கே தெரியாது. கீழே உள்ளவை ரொறன்ரோவையும் ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தையும் வைத்து எழுதியவை. வான்கூவரிலோ மொன்றியலிலோ இருப்பவர்களுக்கு விதிகள் வேறு.

இலாப நோக்கற்ற வாடகை வீடு என்பது அரசாங்க வீடா?

சிலது ஆம், பலது இல்லை. வீட்டுக்காரர் மூன்று வகை.

ஒன்று, நகரத்துக்குச் சொந்தமான ரொறன்ரோ கொம்யூனிட்டி ஹவுசிங். பழைய இரண்டு நிறுவனங்களை இணைத்து 2002-ல் உருவாக்கினார்கள். கனடாவில் இதைவிடப் பெரிய சமூக வீட்டு நிறுவனம் இல்லை. இதிலிருந்த முதியோர் கட்டடங்கள் 83-ஐயும் 2022-ல் பிரித்து ரொறன்ரோ சீனியர்ஸ் ஹவுசிங் என்ற தனி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, தொண்டு அமைப்புகளும் மத அமைப்புகளும் நடத்தும் கட்டடங்கள். வுட்கிரீன், பெண்களுக்கான வைடபிள்யூசிஏ போன்றவை இதில் சேரும். மூன்றாவது, குடியிருப்போரே சேர்ந்து நடத்தும் கோ-ஒப். மூன்றிலும் வாடகைக் காசு கட்டடத்தின் கடனுக்கும் பராமரிப்புக்கும் போகும். இலாபம் என்று எடுத்துக்கொண்டு போக ஒரு முதலாளி கிடையாது.

இந்த வீடுகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இன்று நாம் காணும் சமூக வீடுகளில் பெரும்பங்கு 1990-களின் நடுப்பகுதிக்குள் கட்டி முடிந்தவை. 1993-ல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. 1995-ல் பதவிக்கு வந்த மைக் ஹாரிஸ் அரசு, மாகாணத் திட்டத்தில் வரிசையில் இருந்த கட்டடங்களையும் ரத்துச் செய்தது. பிறகு 2000-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முழுப் பொறுப்பையும் நகரங்களின் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பின் ஊர் பெருத்தது, கட்டடங்கள் பெருகவில்லை. ஆகவே நீங்கள் பத்து வருடம் காத்திருப்பதற்கு உங்கள் விண்ணப்பத்தில் ஏதோ பிழை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

ஒரு விண்ணப்பம் போட்டால் எல்லாவற்றுக்கும் சேருமா?

சேராது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதமான வீடுகள் இருக்கும். சிலவற்றில் வாடகை உங்கள் வருமானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும். மிச்சத்தை மானியம் ஈடுசெய்யும். ஆங்கில எழுத்துகளில் ஆர்ஜிஐ என்பார்கள். மற்றவற்றில் எல்லோருக்கும் ஒரே வாடகை. அதைச் சந்தை வாடகை என்று சொன்னாலும், நடைமுறையில் பக்கத்திலுள்ள தனியார் கட்டடத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மானிய வீடுகளுக்கு நகரம் முழுவதற்கும் ஒரே பட்டியல். அது நகரசபையின் 'அக்சஸ் டு ஹவுசிங்' பிரிவிடம் இருக்கிறது. மானியம் இல்லாத வீடுகளுக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கட்டடமும், ஒவ்வொரு கோ-ஒப்பும் தனித்தனியாக வைத்திருக்கும். நீங்கள் நேரே அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இவை தவிர, புதிதாகக் கட்டும் மலிவு வாடகைக் கட்டடங்களுக்குக் குலுக்கல் நடக்கும்; அதற்கும் தனி விண்ணப்பம்.

நகரப் பட்டியலில் இன்றே பதிந்துவிட்டு, அதை மறக்காமல் உயிரோடு வைத்திருங்கள். அது நீண்ட காலத்துக்கானது. இடையில் மற்றக் கதவுகளை நீங்களே தட்ட வேண்டும். இரண்டு பேரும் வேலை செய்யும், பேஸ்மென்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு முதலில் வீடு கிடைப்பது பெரும்பாலும் அந்த மற்றக் கதவுகளில்தான்.

மானிய வீட்டுக்கு யார் விண்ணப்பிக்கலாம்?

விண்ணப்பிப்பவர்களில் ஒருவராவது 16 வயது நிரம்பி, தனியாக வாழக்கூடியவராக இருக்க வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கனடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராக, அல்லது அதற்கு விண்ணப்பித்தவராக, அல்லது அகதிக் கோரிக்கை வைத்தவராக இருக்க வேண்டும். அகதி வழக்கு முடியும்வரை பதிய முடியாது என்று சொல்லும் சிலரை நம்பி வருடங்களை இழந்தவர்கள் உண்டு. முடிவு வருமுன்பே பதியலாம். ஆனால் நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் கட்டளை நடைமுறைக்கு வந்திருந்தால் முடியாது.

மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ மட்டும் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. அவர்கள் கோ-ஒப், சந்தை வாடகை வீடுகள் பக்கம் பார்க்கலாம்.

ஒன்ராறியோவில் எந்தச் சமூக வீட்டு நிறுவனத்துக்கும் பழைய வாடகைக் கடன் இருக்கக்கூடாது. இருந்தால், தவணையில் கட்டுவதாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருவருடைய பெயரோடு சேர்ந்து இருந்த காலத்துக் கடனும் இதில் வந்து மாட்டும். பிரிந்துபோன கணவர் விட்டுச் சென்ற வாடகைப் பாக்கி மனைவியின் விண்ணப்பத்தை மறிக்கலாம். அப்படியானால் அலுவலகத்தில் நிலைமையை எழுத்தில் விளக்குங்கள். வருமானத்துக்கும் சொத்துக்கும் வரம்புகள் உண்டு. நகரத்துக்கு நகரம் அவை மாறும்.

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெயரில் வீடு இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

அப்பா உங்களோடு இந்த விண்ணப்பத்தில் இருக்கிறார் என்றால், ஆம். ஆண்டு முழுவதும் குடியிருக்கக்கூடிய வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருந்தால், மானிய வீட்டுக்குள் வந்து 180 நாட்களுக்குள் அதை விற்பதற்குச் சம்மதிக்க வேண்டும் என்பது பொது விதி. ஒன்ராறியோவுக்கு வெளியே இருப்பதால் மட்டும் அது கணக்கில் வராமல் போகாது.

ஆனால் ஊர்க் காணிக் கதை இவ்வளவு நேராக இருப்பதில்லை. உறுதி தாத்தாவின் பெயரில், பங்கு ஏழு பேருக்கு, வீட்டுக்குக் கூரை இல்லை, பக்கத்துக் காணியில் ஆமி நின்ற காலமும் உண்டு. அப்படியான ஒன்றை "வீடு" என்று ஒரு சொல்லில் எழுதினாலும் பிழை, எழுதாமல் விட்டாலும் பிழை. என்ன நிலையில் இருக்கிறது, யாருக்கு எத்தனை பங்கு, விற்க முடியுமா என்று ஒரு தாளில் எழுதி, கையில் இருக்கும் உறுதிப் பிரதியோடு இணைத்துக் கொடுங்கள். முடிவு அவர்களுடையது. இலவசச் சமூகச் சட்ட உதவி நிலையத்தில் அந்தக் கடிதத்தை ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

ரொறன்ரோப் பட்டியலில் 80,000-க்கும் அதிகமான குடும்பங்கள் இருக்கின்றன. முன்னுரிமை எதுவும் இல்லாத குடும்பத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் என்றே கணக்கு வையுங்கள். இரண்டு அறை, மூன்று அறை கேட்பவர்களுக்கு அதைவிடவும் இழுக்கும்.

இதைக் கேட்டதும் "அப்படியென்றால் ஏன் பதிவான்" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். 2012-ல் அப்படி விட்டவர்கள் அன்றே பதிந்திருந்தால் இன்று வரிசையில் எங்கே நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வரிசையை நிர்ணயிப்பது நீங்கள் விண்ணப்பித்த திகதி. பதிவதற்குக் காசு இல்லை. பிறகு தேவையில்லை என்றால் விட்டுவிடலாம்.

வாடகையை எப்படிக் கணக்கிடுவார்கள்?

வரி தாக்கல் செய்தபின் வரித் திணைக்களம் அனுப்பும் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்டை எடுங்கள். அதில் 23600 என்ற வரியில் உள்ள தொகைதான் அடிப்படை. வீட்டிலுள்ளவர்களின் அந்தத் தொகைகளைக் கூட்டி, 30 வீதம் எடுத்து, 12-ஆல் வகுத்தால் மாத வாடகை வந்துவிடும். 2020 ஜூலையில் வந்த எளிய முறை இது. அதற்கு முன்பு இருந்த கணக்கு, அதைப் போடும் அலுவலருக்கே தலையிடி கொடுத்த ஒன்று.

உதாரணம்: கணவருக்கு வருடம் 28,000 டொலர், மனைவிக்கு 20,000. மொத்தம் 48,000. அதில் 30 வீதம் 14,400. மாதம் 1,200 டொலர். பிள்ளைகளுக்கு வரும் சைல்ட் பெனிஃபிட் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் அது 23600 வரியில் இல்லை. மாறாக முதியோருக்கு வரும் ஓஏஎஸ், ஜிஐஎஸ் இரண்டும் அதில் வரும். வரி இல்லாத காசுதானே, ஜிஐஎஸ் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அந்த வரிக்குப் பிறகுதான் அதைக் கழிப்பார்கள்.

எவ்வளவு குறைந்தாலும் ஓர் அடித்தட்டு வாடகை உண்டு. 2020-ல் அது 129 டொலராகத் தொடங்கியது. மாகாணம் அறிவிக்கும் வாடகை உயர்வு வீதத்தோடு சேர்ந்து ஏறும். வெல்ஃபெயார், ஓடிஎஸ்பி (உடல், மன இயலாமை உள்ளவர்களுக்கு மாகாணம் தரும் உதவிப் பணம்) வாங்குகிறவர்களுக்கு 30 வீதக் கணக்கு இல்லை, தனி அட்டவணை. தனியாள் ஒருவருக்கு வெல்ஃபெயாரில் 85 டொலர், ஓடிஎஸ்பியில் 109. மின்சாரம், பார்க்கிங் போன்றவை கட்டடத்தைப் பொறுத்து இதற்குமேல் வரலாம்.

பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனால் வாடகை ஏறுமா?

முழுநேரமாகப் படிக்கும்வரை பிள்ளையின் பகுதிநேரச் சம்பளத்தைத் தொட மாட்டார்கள். படிப்பு முடிந்ததும் அந்த வருமானமும் கூட்டலுக்குள் வரும். மேலே சொன்ன குடும்பத்தில் மகன் 32,000 டொலருக்கு வேலை எடுத்தால் மொத்தம் 80,000. கணக்கு மாதம் 2,000 என்று வரும். ஆனால் அந்த வீட்டின் சந்தை வாடகையைத் தாண்டி உங்களிடம் கேட்க முடியாது. சந்தை வாடகை 1,500 என்றால் 1,500-தான். அப்படியே நீண்ட காலம் முழு வாடகை கட்டிக்கொண்டிருந்தால் மானிய உரிமை போய்விடும். அதற்காக வீட்டைவிட்டு எழும்பச் சொல்ல முடியாது.

சம்பளம் ஏறினால் பொதுவாக அடுத்த வருடாந்தக் கணக்கில்தான் வாடகையும் ஏறும். குறைந்தால் காத்திருக்கத் தேவையில்லை. குடும்ப வருமானம் 20 வீதமோ அதற்கு மேலோ விழுந்துவிட்டால் உடனே மறுகணக்குக் கேட்கலாம். தொழிற்சாலையில் லே-ஓஃப் ஆகி, பழைய வாடகையையே கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த விதி தெரிவதில்லை.

எனக்குச் சம்பளம் காசாகத் தருகிறார்கள், வரி தாக்கல் செய்வதில்லை. என்ன செய்வது?

தாக்கல் செய்யாமல் இந்தத் திட்டத்துக்குள் இருக்க முடியாது. வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்ய வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தொண்டர்கள் இலவசமாகச் செய்து கொடுப்பார்கள்.

காசுச் சம்பளத்தை மறைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறைத்தது பிடிபட்டால் மானியம் போகும், வித்தியாசத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வழக்காகித் தண்டனை கிடைத்தால் 2 வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. அது ஒருபுறம். இன்னொரு பக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. கோ-ஒப்பும் புதுக் கட்டடங்களும் உங்களால் வாடகை கட்ட முடியுமா என்றுதான் முதலில் பார்க்கும். உண்மையில் 50,000 உழைத்து, தாளில் 18,000 காட்டுகிற குடும்பத்துக்கு அந்தக் கதவுகள் அத்தனையும் அடைபட்டுவிடும்.

என்னென்ன பத்திரங்கள் வேண்டும்? எங்கே போட வேண்டும்?

ரொறன்ரோவில் இணையத்தில் கணக்குத் திறந்து போடலாம். கணினி பழக்கமில்லை என்றால் தொலைபேசியில் உதவி கேட்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் 211 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் போதும். எல்லோருடைய பிறந்த திகதி, குடிவரவு நிலைக்கான அத்தாட்சி, கடைசி நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பெயரின் எழுத்து எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருப்பது சாதாரணம். கணினிக்கு அது இரண்டு ஆட்கள்.

பதிந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. சத்தமே இல்லை. விண்ணப்பம் இருக்கிறதா இல்லையா?

இன்றைக்கே பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பத்தை உறுதிப்படுத்தச் சொல்வார்கள். செய்யாவிட்டால் ரத்து. பேஸ்மென்டிலிருந்து பேஸ்மென்டுக்கு மாறுகிற குடும்பங்களில் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், மின்னஞ்சல் எப்போதோ மருமகன் திறந்து கொடுத்த ஒன்றாக இருக்கும், கடவுச்சொல் அவருக்கும் மறந்திருக்கும். உங்கள் கையிலேயே இருக்கும் ஒரு மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். குழந்தை பிறந்தது, வேலை மாறியது, யாராவது வீட்டைவிட்டுப் போனது, வந்தது எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். பிறந்தநாள் போல ஒரு திகதியை வைத்துக்கொண்டு, கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் வருடாவருடம் உள்ளே போய்ப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஏற்கனவே ரத்தாகிவிட்டிருந்தால், முதலில் பழைய திகதியைத் திருப்பித் தரச் சொல்லிக் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். நோயோ மருத்துவமனையோ இருந்திருந்தால் அதற்கான தாளையும் இணையுங்கள். மறுத்தால் புதிதாகப் பதிய வேண்டியதுதான்.

ஒரு வீடு தந்தார்கள். தூரம், பிடிக்கவில்லை. அடுத்ததைக் கேட்கலாமா?

முன்பு மூன்று வாய்ப்புவரை தருவார்கள். இப்போது ஒன்றுதான். ஒரு வாய்ப்பை மறுத்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பதிந்து காத்திருந்த வருடங்கள் போய்விடும். விசேஷக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

ரொறன்ரோவில் இப்போது காலியாகும் வீடுகளின் விபரத்தை இணையத்தில் காட்டி, விருப்பமானதை உங்களையே தெரிவுசெய்யச் சொல்கிறார்கள். ஆகவே யோசிக்கும் நேரம், விருப்பம் தெரிவிப்பதற்கு முன்னால்தான். அந்தக் கட்டடத்துக்கு ஒரு மாலைநேரம் போய்ப் பாருங்கள். பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, வேலைக்கு எவ்வளவு நேரம், லிஃப்ட் வேலை செய்கிறதா, கீழே நிற்கிறவர்களிடம் கரப்பான், மூட்டைப்பூச்சி எப்படி என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், எல்லோரும் சொல்வார்கள். "எதற்கும் ஒன்றைப் போட்டு வைப்போம்" என்று போகமாட்டாத இடத்துக்கு விருப்பம் சொல்ல வேண்டாம்.

எத்தனை அறை கேட்கலாம்?

கணவன் மனைவிக்கு ஓர் அறை, மற்றவர்களுக்கு ஆளுக்கொன்று என்பது உச்சம். இரண்டு பேருக்கு ஓர் அறை என்பது குறைந்தது. குறைந்ததையும் சேர்த்துக் கேட்டால் வாய்ப்பு கூடும்.

வீட்டில் அடி, மிரட்டல். பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். பத்து வருடம் காத்திருக்க முடியுமா?

வேண்டியதில்லை. வன்முறைக்கு உள்ளானவர்களுக்கும் ஆள்கடத்தலிலிருந்து தப்பியவர்களுக்கும் ஒன்ராறியோ முழுவதும் விசேஷ முன்னுரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அது கிடைத்தால் மற்ற எல்லோருக்கும் முன்னால் போவீர்கள். உடனே வீடு என்று அர்த்தமில்லை, ஆனால் பல வருடங்கள் மாதக் கணக்காகக் குறையும்.

இன்னும் அந்த வீட்டிலேயே இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வெளியேறிவிட்டீர்கள் என்றால் 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி நீட்டிக்கக் கேட்கலாம். பொலிஸ் முறைப்பாடு கட்டாயம் இல்லை. மருத்துவர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், ஆசிரியர், மதகுரு போன்ற ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்தினால் போதும். துன்புறுத்துகிறவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவராகவும் இருக்கலாம். சட்டம் அதையும் கணக்கில் எடுக்கிறது. "நான் கூப்பிட்டவன், நீ வெளியே போனால் உன்னை அனுப்பிவிடுவார்கள்" என்ற மிரட்டலைக் கேட்டு இருப்பவர்கள் இதை அறிந்திருப்பது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை: விண்ணப்பத்தில் கொடுக்கும் தொலைபேசி, மின்னஞ்சல், தபால் முகவரி அவர் பார்க்க முடியாததாக இருக்கட்டும். பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள எது என்று படிவத்தைப் பெற்றுக்கொள்கிறவரிடமே சொல்லுங்கள். ஷெல்டரில் இருக்கும் பணியாளர்களுக்கு இந்தப் படிவம் கைப்பழக்கம். அவர்களை வைத்து நிரப்புவதுதான் வேகம்.

அம்மா அப்பாவுக்குத் தனியாக முதியோர் வீடு எடுக்கலாமா?

எடுக்கலாம். ரொறன்ரோ சீனியர்ஸ் ஹவுசிங் கட்டடங்களுக்கு 59 வயதிலிருந்து தகுதி. ஒரு அறை, ஸ்டூடியோ வீடுகளே அதிகம் என்பதால் குடும்ப வீடுகளைவிட வரிசை கொஞ்சம் வேகமாக நகரும். மகன் வீட்டில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கும்போதே பதிந்து வையுங்கள். முறுகல் வந்தபின் பதிந்தால் நேரம் போதாது. ஸ்பொன்சரில் வந்த பெற்றோருக்கு, 2014-க்குப் பிறகு 20 வருடப் பொறுப்பு ஸ்பொன்சர் செய்தவர் மேல் இருக்கிறது. ஆகவே பதியும் முன் சட்ட உதவி நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு கிடைத்தபின் ஒரு விஷயம். மானிய வீட்டை விட்டு எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்று வரம்பு உண்டு. குளிருக்குப் பயந்து நவம்பரில் ஊருக்குப் போய்ச் சித்திரையில் திரும்புகிறவர்கள் டிக்கெட் போடும் முன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோ-ஒப் என்கிறார்களே, அது வாங்குகிற வீடா, வாடகையா?

இரண்டுக்கும் நடுவில். வீடு உங்களுக்குச் சொந்தமாகாது, விற்க முடியாது. ஆனால் நீங்கள் வாடகையாளரும் இல்லை, அங்கத்தவர். மாதம் கட்டுவதை ஹவுசிங் சார்ஜ் என்பார்கள். அது எவ்வளவு என்பதை வருடாந்தக் கூட்டத்தில் வரவுசெலவைப் பார்த்து அங்கத்தவர்களே வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். இயக்குநர் சபையும் உங்களுக்குள் இருந்துதான் வரும்.

பதிலுக்கு வேலை கேட்பார்கள். ஒரு குழுவில் இருக்க வேண்டும், தோட்டமோ பனி வழிப்பதோ செய்தி மடலோ ஏதாவது ஒன்றில் கை கொடுக்க வேண்டும். இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறவர்களுக்கு இது பாரமாகத் தெரியும். ஆனாலும் என்னைக் கேட்டால், வேலை செய்யும் குடும்பத்துக்கு இந்த நகரத்தில் இதைவிட நல்ல வாடகை ஏற்பாடு இல்லை. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், கீழ்வீட்டை விடுங்கள் என்ற கதை இங்கே வராது.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. புளோர் வீதி, லான்ஸ்டவுன் பக்கத்தில் 'தமிழ் கோ-ஒப்பரேட்டிவ் ஹோம்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு கட்டடம் உண்டு. ஸ்காபுறோவிலும் நகரத்துக்குள்ளும் இன்னும் பல கோ-ஒப்கள் இருக்கின்றன. ரொறன்ரோ கூட்டுறவு வீட்டுச் சம்மேளனத்தின் தளத்தில் அவற்றின் விபரம் கிடைக்கும். எது எப்போது பட்டியலைத் திறக்கிறது என்பதுதான் சிக்கல். பெரும்பாலான நாட்களில் மூடியிருக்கும், திறந்தால் சில நாட்களே. போகக்கூடிய தூரத்தில் உள்ளவற்றை எழுதி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பாருங்கள்.

கூப்பிட்டால் நேர்முகம் இருக்கும். வருமான அத்தாட்சி, கிரெடிட், முந்தைய வீட்டுக்காரரின் கடிதம் கேட்பார்கள். பேஸ்மென்ட்காரர் காசு வாங்கிப் பற்றுச்சீட்டுத் தராதவராக இருந்தால் இங்கேதான் இடிக்கும். இன்றிலிருந்தே வாடகையை ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்புங்கள். வங்கிக் கணக்கே சாட்சி சொல்லும். நேர்முகத்தில் ஆங்கிலம் சரளமாக இல்லாவிட்டால் பரவாயில்லை. நூறு பேருக்குச் சமைக்கத் தெரியும், கணக்கு எழுதத் தெரியும் என்று உங்களால் எதைக் கொடுக்க முடியும் என்பதைச் சொல்லுங்கள். அதைத்தான் அவர்கள் கேட்க வந்திருக்கிறார்கள்.

புதுக் கட்டடங்களில் 'அஃபோர்டபிள்' என்று விளம்பரம் வருகிறதே?

அது வேறு வகை. நகரசபை நிலமோ வரிச்சலுகையோ கொடுத்து, அதற்குப் பதிலாகக் குறைந்த வாடகையில் சில வீடுகளைக் கேட்டு வாங்குகிறது. வாடகை உங்கள் வருமானத்தோடு ஏறி இறங்காது, ஒரே தொகை. விண்ணப்பம் சில வாரம் மட்டும் திறந்திருக்கும், பிறகு குலுக்கல். முதலில் போட்டவர் கடைசியில் போட்டவர் என்று வித்தியாசமில்லை.

பொதுவாக, குடும்ப வருமானம் வருட வாடகையின் 4 மடங்கைத் தாண்டக்கூடாது. மாதம் 1,400 என்றால் வருடம் 16,800. நாலு மடங்கு 67,200. கீழ்ப்பக்கமும் பாருங்கள். வருமானம் மிகக் குறைவாக இருந்தால் இந்த வாடகையும் பாரம்தான். பெயரில் அஃபோர்டபிள் என்று இருப்பதெல்லாம் எல்லோருக்கும் அஃபோர்டபிள் இல்லை.

இருக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு உதவி வாங்க முடியுமா?

கனடா-ஒன்ராறியோ ஹவுசிங் பெனிஃபிட் என்று 2020-ல் தொடங்கிய திட்டம் உண்டு. உங்கள் பகுதியின் சராசரி வாடகையில் 80 வீதத்துக்கும், உங்கள் வருமானத்தில் 30 வீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காசாகத் தருவார்கள். வீடு மாறினாலும் கூடவே வரும். இதற்கு நீங்களாகப் போய் விண்ணப்பிக்க முடியாது, நகரம் அழைக்க வேண்டும். பணம் முடிந்தால் அந்த வருடம் நின்றுவிடும். இதை ஏற்றால் மானிய வீட்டுப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பத்தாவது வருடத்தில் இருப்பவர் இதற்கு ஓம் சொல்லும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். இரண்டாவது வருடத்தில் இருப்பவருக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை.

மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டனிலும் பதியலாமா?

பதியலாம், ஒரே நேரத்தில். மார்க்கம் யோர்க் பிராந்தியத்தில், ஏஜாக்ஸும் பிக்கரிங்கும் டூரம் பிராந்தியத்தில், பிரம்ப்டனும் மிசிசாகாவும் பீலில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி விதி, தனி வருடாந்த உறுதிப்படுத்தல். மாகாணம் முழுவதும் இப்படி 47 நிர்வாகங்கள் உள்ளன.

ஒருவர் 2,000 டொலர் தந்தால் வரிசையில் முன்னுக்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார். உண்மையா?

பொய். பதியவும் காசில்லை, முன்னுக்குப் போகவும் காசில்லை. அவர் நல்ல தமிழ் பேசுவார், கோயிலில் காண்பீர்கள், "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்பார். கொடுத்தபின் உங்கள் சின் நம்பரும் பிள்ளைகளின் பிறந்த திகதியும் அவர் கையில் இருக்கும். தனியார் வீடுகளிலும் கடைசி மாத வாடகைக்குமேல் முற்பணம் கேட்பது சட்டத்துக்கு மாறானது. கோ-ஒப் கேட்கும் அங்கத்துவப் பணம் வேறு. அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும்.

நிராகரித்துவிட்டார்கள். முடிந்ததா?

இல்லை. தகுதியில்லை, மானியம் இல்லை, முன்னுரிமை இல்லை என்ற முடிவுகளை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முடிவெடுத்தவரே அதைத் திரும்பப் பார்க்கக்கூடாது. கடிதத்தில் காரணமும் கடைசி நாளும் இருக்கும். முதலில் கடைசி நாளைப் பாருங்கள், அப்புறம் காரணத்தை. நாள் நெருங்கிவிட்டது என்றால் "மறுபரிசீலனை கேட்கிறேன், பத்திரங்கள் பின்னால் வரும்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொண்டு, சட்ட உதவி நிலையத்துக்குக் கடிதத்தோடு போங்கள். கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டு போவதைவிட உறையோடு கொண்டுபோவது நல்லது. எப்போது தபாலில் போட்டார்கள் என்பது உறையில்தான் இருக்கும்.